அடுக்களைப் புகைக்கு வழி எங்கே?

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டுக் கட்டும் நம் குடும்பத்தார் சிலர், "சுவரைக் குடைவானேன்? அடுக்களைப் புகைக்குழாயைத் தரைக்கடியில் கொண்டுபோகலாமே" என்று நம்மிடம் வினவுகின்றனர்.

எண்ணம் பழையதே. கொரிய நாட்டில் 'ஓண்டோல்' என்றொரு முறை பல நூற்றாண்டுகளாக வழங்கிற்று. அடுக்களையில் சோறு பொங்கும் நெருப்பின் புகை, அடுத்த அறையின் கல்தளத்துக்கு அடியிலே ஓடித் தளத்தைச் சூடாக்கி, மறுபுறத்துப் புகைபோக்கியால் வெளியேறும். பனிநாட்டுக்கு ஏற்ற சிக்கனந்தான்! ஆயினும் விறகு போய் நிலக்கரிக் கட்டி வந்தபின், தளத்து வெடிப்புகளில் கசிந்த கார்பன் மோனாக்சைடு, உறங்கியோர் பலரின் உயிரைக் குடித்தது. அதற்கு மணமுமில்லை, நிறமுமில்லை.

சித்திரை வெயிலில் வேகும் நமக்குச் சூடான தரை எதற்கு? அதனினும் பெரிய தடை ஒன்றுண்டு. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தை நாடும். தரைக்கடிக் குழாய் அதற்குத் தொட்டியாகிவிடும். ஒரு பொறி போதும். மேலும், 2023 டிசம்பரில் எண்ணூர் வீடுகளுக்குள் வெள்ளம் எண்ணெயோடு புகுந்ததே, அத்தகைய நீர் குழாயில் தேங்காதா?

ஆகவே, அடுப்புக்கு மேலே வெளிச்சுவரில் காற்றுவாங்கி விசிறி. எதிர்ச்சுவரில் தரைமட்டத்தில், திறந்த வெளியை நோக்கிய ஒரு துளை. கொசு வருமென்று தாய்மார் அத்துளையைக் கந்தலால் அடைத்துவிடுகின்றனர். கம்பிவலை அடியுங்கள்; கந்தல் வேண்டா.