கண்ணுள் வைக்கும் மருந்துக் குச்சி: பார்வை தெளிந்த பின்னும் பரிசோதனை தேவை



ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இல் இயங்கலாயிற்று. தொடக்க நாட்களில் இருபது வயது இளைஞராய் இப்பகுதிக்கு வேலைக்கு வந்தோர் இன்று ஐம்பதை நெருங்குகின்றனர். சர்க்கரை நோய் வேரூன்றிக் கண்ணைத் தாக்கத் தொடங்கும் பருவமும் இதுவேயாகும். தமிழகத்தில் 20 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 14 பேருக்கு இந்நோய் உள்ளதென 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு உரைக்கிறது.

எழுத்தைப் படிக்கவும் முகத்தை அறியவும் உதவுவது விழித்திரையின் நடுப்பகுதி. நெடுநாள் சர்க்கரையால் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிய, அவ்விடம் வீங்குகிறது. திருமறையின் எழுத்துகள் கலங்கித் தெரியும். நேர்கோடு வளைந்து தோன்றும். இதற்கு மருத்துவர்கள் முதலில் கசிவைத் தடுக்கும் ஊசியையே பெரும்பாலும் கண்ணுள் செலுத்துவர். தொடக்கத்தில் அதனை மாதந்தோறும் போட வேண்டும். ஷிப்டு வேலை பார்ப்போருக்கு மாதந்தோறும் விடுப்புக் கிடைப்பது அரிது. சிலருக்கோ அவ்வூசியால் வீக்கம் வற்றுவதுமில்லை. இத்தகையோருக்கு ஸ்டீராய்டு மருந்துக் குச்சி ஒரு நல்வாய்ப்பாகும்.

மருந்துக் குச்சி என்பது யாது?

டெக்ஸாமெத்தஸோன் என்னும் ஸ்டீராய்டு 0.7 மில்லிகிராம் அடங்கிய, ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குச்சி இது. கண்ணை மரத்துப் போகச் செய்து, ஊசி வழியே உள்ளே வைக்கின்றனர். மருந்து சிறிது சிறிதாகக் கசிய, குச்சி தானே கரைந்துவிடும். இரண்டு, மூன்று மாதங்கள் பலன் மிகுந்திருக்கும்; பின்னர்க் குறைந்துகொண்டே வரும். எனவே ஒருமுறை வைத்ததோடு நோய் தீர்ந்தது எனக் கருதலாகாது. ஃபுளுஓசினோலோன் என்னும் மற்றொரு வகை, மூன்றாண்டுகள் வரை மருந்தை வெளியிடும், அது கரைவதில்லை.

நோயாளிகள் கண்ட பலன்

டெக்ஸாமெத்தஸோன் குச்சியை 1048 நோயாளிகளிடம் மூன்றாண்டுகள் ஆய்ந்த முடிவு 2014-இல் வெளியாயிற்று. குச்சி வைத்தோருள் நூற்றுக்கு 22 பேர் பார்வை அட்டையில் மூன்று வரிகளோ அதற்கு மேலோ கூடுதலாகப் படித்தனர். மருந்தின்றிப் பாவனையாகச் சிகிச்சை பெற்றோருள் 12 பேரே அவ்வாறு படித்தனர். வேறு பலருக்கு முன்னேற்றம் இதனினும் குறைவு. வீக்கம் வற்றினும், நெடுநாள் சிதைந்த நரம்பணுக்கள் மீள்வதில்லை என்பதே காரணம். காலந்தாழ்த்துவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இம்மருந்துக்குப் பக்க விளைவுகளும் உண்டு. அதே ஆய்வில், குச்சி வைத்த கண்களுள் இயற்கை வில்லை உள்ளவற்றில் நூற்றுக்கு 68 விழுக்காட்டில் கண்புரை கண்டது. இதனை அறுவைச் சிகிச்சையால் போக்கிவிடலாம். ஆனால் ஏறத்தாழ ஐவரில் இருவருக்குக் கண்ணழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்து தேவைப்பட்டது. அறுவைச் சிகிச்சை வரை சென்றோர் மிகச் சிலரே.

இங்கேதான் பெரும் எச்சரிக்கை தேவை. அழுத்தம் உயரும்போது பெரும்பாலும் வலியோ சிவப்போ தோன்றுவதில்லை. பார்வை தெளிந்து உள்ளம் மகிழும் அந்த இரண்டாம் மாத வாக்கிலேயே அழுத்தமும் உச்சத்தை எட்டக்கூடும். “நன்றாகத் தெரிகிறது, இனி எதற்கு ஆஸ்பத்திரி?” என இருந்துவிட்டால், பார்வை நரம்பு அழியலாம். அழிந்த நரம்பை எந்த மருந்தும் மீட்டுத் தராது. மாதந்தோறும் வர இயலாதோருக்கு ஏற்றது இக்குச்சி என்பது உண்மையே. ஆயினும் அழுத்தம் பார்க்க மருத்துவர் குறித்த நாட்களில் வந்தேயாக வேண்டும்.

முன்னரே கண்ணழுத்த நோய் உடையோரும், கண்புரை அறுவை செய்துகொண்டோரும் அதனைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் கூறிவிடுதல் வேண்டும். குச்சி வைத்த பின் கடும் வலி, சிவப்பு, பார்வை மங்கல் கண்டால் அன்றே மருத்துவரை நாடுங்கள்.

நோன்பும் சொட்டு மருந்தும்

ரமளான் வந்ததும் நோன்பு முறியுமோ என அஞ்சிக் கண் சொட்டு மருந்தை நிறுத்திவிடுவோர் நம்மில் உளர். ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின்படியும் கண்ணில் மருந்து இடுவதால் நோன்பு முறிவதில்லை. 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவையும் அவ்வாறே முடிவு செய்தது. ஆகவே அழுத்தச் சொட்டு மருந்தை ஒரு வேளையும் விடாதீர்கள்.

இல்லத்தாரின் கடமை

குச்சி வைத்த தேதியையும் அடுத்த பரிசோதனை நாளையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இயலுமாயின் ஷிப்டு விடுப்பை முன்கூட்டியே கேட்டுப் பெறச் செய்யுங்கள். விழித்திரைப் பரிசோதனைக்கு 1819-இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை உண்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் 2017-இல் திறக்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனையும் உண்டு. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் இல்லையேல், எக்குச்சியின் பலனும் நிலைக்காது.

கண் நமக்கு உரிமையான உடைமையன்று. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைப் பேணும் நல்லறிவை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.