ரசம் சாதமும் 48 நிமிடமும்

பக்கவாதம் வந்தவருக்குச் சாப்பிடும்போது புரையேறினால் கூப்பிட வேண்டியது ஸ்பீச் தெரபிஸ்டை. பேசுவதும் விழுங்குவதும் ஒரே நாக்கு, ஒரே தொண்டையின் வேலை என்பதால் இரண்டும் அவர் பொறுப்பு. கோவையின் துடியலூரைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் பெருகிவரும் இந்நேரத்தில், அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இந்தத் தொழில் பட்ட பாடு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே அரசின் மெடிகேர் காப்பீடு தெரபி நிமிடங்களை எண்ணிக் கட்டணத்தை நிர்ணயித்தது. பிசியோ, பேச்சு எல்லாம் சேர்த்து வாரம் 720 நிமிடத்தை எட்டினால் உச்சக் கட்டணம். தேவையில்லாதவர்களுக்கும் நிமிடத்தை ஏற்றியதாக அரசு தொடுத்த வழக்கை, தெரபி வழங்கும் ரிஹாப்கேர் நிறுவனம் 2016-ல் 12.5 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது. 2019 அக்டோபர் 1 முதல் நோயாளியின் நிலையைப் பார்த்துப் பணம் என்று விதி மாறியது. வருமானமாக இருந்த தெரபி ஒரே நாளில் செலவானது. தெரபிஸ்டுகள் பலர் வேலையிழந்தார்கள்.

ஆனால் வேலை நேரத்தில் எத்தனை சதவீதம் தெரபியில் கழிந்தது என்று பார்க்கும் ‘ப்ரொடக்டிவிட்டி’ கணக்கு போகவில்லை. நோயாளியுடன் இருந்த நேரமே அதில் பெரும்பாலும் சேரும். 90 சதவீதம் கேட்கும் இல்லத்தில், 8 மணி நேர வேலையில் 432 நிமிடம் போக மிச்சம் 48. குறிப்பு எழுதுவது, டாக்டரிடம் பேசுவது, அறைக்கு அறை நடப்பது எல்லாம் அதற்குள். நோயாளி தூங்கிவிட்டால் அந்த நேரமும் கணக்கில் வராது. வேலை முடிந்ததாகப் பதிந்துவிட்டு, சம்பளமில்லாமல் குறிப்பு எழுதுகிறவர்கள் உண்டு.

இந்தக் கணக்கு வெட்டிவிடுவது சமையலறையில் செலவழியும் நேரத்தை. நம்மூர் ரசம் சாதத்தையே பாருங்கள்: நீரும் பருக்கையும் கலந்திருப்பதால், விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அது ஆபத்தான உணவு. நீர் முந்திக்கொண்டு மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். சிலருக்கு இருமலே வராது, நிமோனியா வந்த பிறகுதான் தெரியும். குழையப் பிசைந்த பருப்பு சாதமோ கெட்டியான கம்பங்கூழோ ஒருவருக்குச் சரிப்படலாம், இன்னொருவருக்குச் சரிப்படாமல் போகலாம். அதைச் சோதித்துப் பார்த்து, சமையல்காரருக்கும் ஊட்டிவிடும் ஆயாவுக்கும் சொல்லித்தருவதில்தான் உயிர் தப்புகிறது. அதை வீண் நேரம் என்று எண்ணுவது அநியாயம்.

இங்கே மெடிகேர் இல்லை. பெரும்பாலும் சிட்டிங்குக்கு இவ்வளவு என்று கைக்காசுதான். சிட்டிங்கை மட்டும் எண்ணினால் நாமும் அதே கணக்கைத்தான் போடுகிறோம். அப்பாவை ஓர் இல்லத்தில் சேர்க்கும்போது தெரபிஸ்டுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். சாப்பாட்டு வேளையில் வருவாரா, ஆயாவுக்குப் பழக்கிக்கொடுப்பாரா, அந்த நேரத்துக்கும் அவருக்குச் சம்பளம் உண்டா என்றும் கேளுங்கள்.