பாதிக் கதை

போன கோடை விடுமுறையில் என் மகன் என்னைத் தனியாக அழைத்து, "அப்பா, உங்க பேத்திக்கு நீங்கதான் புத்தி சொல்லணும். நாங்க சொன்னா கேட்க மாட்டேங்கறா" என்றான். விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் படிக்கும் பேத்தி கல்லூரிப் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுகிறாள். இனி சினிமாவே படித்து, படம் எடுக்கப் போகிறாளாம்!

"விமர்சனம் எழுதறவங்க படம் எடுத்துட முடியுமா கண்ணு?" என்று பேச்சை ஆரம்பித்தேன். அதற்காகவே காத்திருந்தவள் போல பிரான்சுவா த்ரூஃபோவின் கதையைச் சொன்னாள். பாரிசில் 'கையே து சினிமா' என்ற பத்திரிகையில் எழுதியவர். பெரிய பெரிய இயக்குநர்களையெல்லாம் தாளித்து எடுத்துவிடுவாராம். 1958ல் கான் திரைப்பட விழாவில் பத்திரிகையாளர் என்ற அனுமதியைக்கூட அவருக்குக் கொடுக்கவில்லை. மறு ஆண்டே, தன் சிறு வயதுத் துன்பங்களை வைத்து 'நானூறு அடிகள்' என்று பொருள்படும் முதல் முழுநீளப் படத்தை எடுத்து, அதே விழாவில் சிறந்த இயக்குநர் பரிசை வாங்கினார். அப்போது அவருக்கு வயது 27!

"இப்போ என்ன சொல்றீங்க தாத்தா?"

எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. "எங்க ஊர்லயும் ஒருத்தர் இருந்தார். விமர்சகர் இல்லே, பத்திரிகை நிருபர்" என்றேன்.

எங்கள் ஊர் சித்தூர். ஒரு காலத்தில் வட ஆற்காட்டின் தலைநகர். 1911ல் தனி மாவட்டமாகி, 1953ல் ஆந்திராவோடு சேர்ந்தது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த ஊரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டவர் சித்தூர் வி. நாகையா.

அவர் சித்தூரில் பிறந்தவர் அல்ல. 1904ல் குண்டூர்ப் பக்கம் ரேபல்லேயில் பிறந்தவர். திருப்பதி தேவஸ்தானத்தின் உதவிப் பணத்தில் படித்தவர் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார்; 'ஆந்திர பத்திரிகா'வில் நிருபராக இருந்தார். மனம் மட்டும் சித்தூர் ராம விலாச சபையின் நாடக மேடையிலேயே இருந்தது. இளம் வயதிலேயே மனைவியை இழந்து, மனம் உடைந்து, திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் சில காலம் தங்கியிருந்தார். 1938ல் 'கிருகலட்சுமி' என்ற தெலுங்குப் படத்தில் நடிக்க வந்தபோது வயது 34. மறு ஆண்டு பி.என். ரெட்டியின் 'வந்தே மாதரம்' வந்தது. பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

தமிழர்களும் அவரை வேற்று ஆளாக நினைக்கவில்லை. 1941ல் 'அசோக்குமார்' படத்தில் பாகவதர் குணாளன், நாகையா அசோகச் சக்கரவர்த்தி. 1945ல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'மீரா'வில் ராணா அவர்தான். நடித்தார், சொந்தக் குரலில் பாடினார், இசையமைத்தார். 1946ல் 'தியாகையா'வைத் தாமே தயாரித்து, இயக்கி, தியாகராஜ சுவாமிகளாகவும் நடித்தார். தெலுங்கில் பாடி, திருவையாற்றில் வாழ்ந்த மகானின் கதையை எடுக்க அவரைவிடப் பொருத்தமானவர் யார்? தமிழில் 'என் வீடு' படத்தையும் 1953ல் அவரே இயக்கினார்.

இதுவரை கேட்ட பேத்தியின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் இன்னொரு பாதி இருக்கிறதே!

அதை எனக்குச் சொன்னவர் என் அப்பா, கோர்ட்டு குமாஸ்தா. நாகையா காலமானது 1973 டிசம்பர் 30ல். அடுத்த வருஷம், தங்கைக்கு முடியிறக்க சித்தூரிலிருந்து திருப்பதிக்கு மீட்டர்கேஜ் வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். நாடகக் குழு ஒன்றில் சேரப் போவதாக நான் மெல்ல வாயைத் திறந்தேன். பாகாலா ஸ்டேஷனில் வண்டி நின்றிருந்தது. அப்பா கோபப்படவில்லை. "நாகையா கதி தெரியுமாடா?" என்று மட்டும் கேட்டார்.

தெரியாதவர் யார்? வீடு தேடி வந்தவருக்கெல்லாம் சாப்பாடு போட்டு, கேட்டவருக்கெல்லாம் கொடுத்தவர். சொந்தப் படங்களிலும் பணம் போயிற்று. கடைசி நாட்களில் கிடைத்த சின்ன வேஷங்களில் நடித்து, வறுமையில் போய்ச் சேர்ந்தார். வண்டி சந்திரகிரி தாண்டுவதற்குள் நான் நாடகத்தை விட்டுவிட்டேன். மேடை ஏறவே இல்லை. நல்ல வேலை கிடைத்தது, கடல் தாண்டி வந்தேன், குறை ஒன்றுமில்லை. ஆனாலும் எங்காவது நாடகத்துக்கு மணி அடித்தால், இன்றைக்கும் நெஞ்சில் ஏதோ ஒன்று எழுந்து உட்காருகிறது.

அப்பா சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கதை. 1965ல் நாகையாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததை அவர் சொல்லவில்லை. சிவாஜிக்கே அது அடுத்த வருஷம்தான். பிறகு சென்னை பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். சித்தூரில் அவர் பெயரால் நாகையா கலாக்ஷேத்திரம் என்ற அரங்கம் இருக்கிறது. எங்கள் ஊரில் எத்தனையோ குமாஸ்தாக்கள் ஒழுங்காக பென்ஷன் வாங்கினார்கள், என் அப்பா உட்பட. அவர்கள் பெயரில் அரங்கம் இல்லை. அரங்கம் இருந்தவருக்குப் பென்ஷன் இல்லை. இரண்டும் உண்மைதான்.

இரண்டையும் பேத்தியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்போ போகலாம்ங்கறீங்களா, வேண்டாம்ங்கறீங்களா தாத்தா?" என்றாள்.

"கையில் இருக்கிற படிப்பை முடி. அப்புறம் போ. அவரும் 34 வயசிலேதான் வந்தார், அவசரமில்லே. ஆனா கணக்கு நோட்டை மட்டும் நீயே வெச்சுக்கோ" என்றேன். மகன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை!

இங்கே நம் வீடுகளிலும் பிள்ளைகள் இப்படி ஏதாவது கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். பயமுறுத்த ஒரு பாதியும், ஆசை காட்ட ஒரு பாதியும் நம் கையில் எப்போதும் தயாராக இருக்கும். முழுக் கதையையும் சொல்லிவிடுவோம். முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும்.

அன்றிரவு எல்லோரும் உட்கார்ந்து 'மீரா' பார்த்தோம். நாகையா வந்ததும் பேத்தி, "இவர்தானே நம்ம ஊர்க்காரர்?" என்றாள். சித்தூரை அவள் பார்த்ததே இல்லை. அவரும் அங்கே பிறந்தவர் இல்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.