பூக்கும் முள்வேலி: களாவை மறுபடியும் நடுவோம்

போன வைகாசியில் இங்கிலாந்தில் இருக்கும் என் மகள் ஒரு படம் அனுப்பினாள். சாலையோரம் நெடுக, இலையே தெரியாத அளவுக்கு வெள்ளைப் பூ பூத்துக் கிடக்கிற முள்வேலி. "அப்பா, இதுக்குப் பேரு ஹாதார்ன். நம்ம கொல்லியில வைக்கலாமா? பார்க்கவே அழகா இருக்கு" என்று கேட்டாள்.

வைக்க முடியாது. அது குளிர்நாட்டுச் செடி, ரோஜா குடும்பத்தைச் சேர்ந்தது. இமயமலைப் பக்கம் அதன் உறவுக்காரச் செடிகள் உண்டு. அந்த விதை முளைக்கவே மாதக்கணக்கில் ஈரத்திலும் குளிரிலும் கிடக்க வேண்டும். சில விதைகள் இரண்டாவது வருடம்தான் முளை விடும். செடி ஒழுங்காகப் பூக்கவும் நல்ல குளிர்காலம் வேண்டும். கள்ளக்குறிச்சி வெயிலை விடுங்கள், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில்கூட அந்தக் குளிர் கிடையாது.

ஆனால் அந்தப் பேரில் ஒரு சேதி இருக்கிறது. 'ஹா' என்றால் பழைய ஆங்கிலத்தில் வேலி. ஹாதார்ன் என்றால் வேலிமுள். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே பொது நிலங்களை அளந்து அடைத்தபோது மைல் கணக்கில் நட்டது இந்தச் செடியைத்தான். அழகுக்கு வைத்த செடி இல்லை அது, வேலிக்கு வைத்தது. அழகு கூடவே வந்தது. அப்படிப்பட்ட செடி நம்மிடம் இல்லையா? இருந்தது. என் கொல்லியில் இருந்ததை நான்தான் பிடுங்கி எறிந்தேன்.

கச்சிராயபாளையம் பக்கம், மலையடிவாரத்தில் எங்கள் நிலம். அப்பா காலத்தில் கிழக்கு எல்லை முழுக்கக் களா, காரை, சூரை கலந்த உயிர்வேலி. நான் வங்கியில் இருந்த காலத்தில் எத்தனையோ பேருக்கு வேலிக் கடன் கொடுத்திருக்கிறேன். கல்தூணும் முள்கம்பியும் இருந்தால் மதிப்பீட்டில் ஒரு தொகை வரும். உயிர்வேலிக்கு நான் போட்ட மதிப்பு பூஜ்யம். ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் அதே கண்ணோடு என் நிலத்தையும் பார்த்தேன். பொக்லைன் வைத்து ஒரே நாளில் வேலியைத் தூர்த்துவிட்டு, கல் ஊன்றி ஐந்து வரிசைக் கம்பி இழுத்தேன்.

முதல் வருடமே ஆடு கம்பிக்கு நடுவில் நுழைந்தது. பன்றி அடியில் பறித்து உள்ளே வந்து மல்லாட்டையையும் குச்சிக்கிழங்கையும் கிளறிப் போட்டது. ஆறாவது வருடம் கம்பி துருப்பிடித்து அறுந்தது. அப்பா வேலிக்குச் செலவு செய்து நான் பார்த்ததே இல்லை.

களா என்ன செய்யும்?

எப்போதும் பசுமையாக இருக்கும் புதர்ச்செடி. பத்தடி வரைக்கும் வளரும். கெட்டியான முள். கிள்ளினால் பால் வரும், அதனால் ஆடு மாடு அவ்வளவாக வாய் வைக்காது. மாசி, பங்குனியில் மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ, நல்ல வாசனை. தேனீயும் வரும். பிறகு கொத்துக் கொத்தாகக் காய். பிஞ்சில் ஊறுகாய் போடலாம், கறுத்துப் பழுத்தால் அப்படியே தின்னலாம். பேக்கரியில் கேக்குமேல் 'செர்ரி' என்று வைக்கிற சிவப்புப் பழம் பல இடங்களில் சாயம் ஏற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய்தான். மலையடிவாரக் கரட்டில் தானாக முளைக்கும் சிறுகளாவும் இதே இனம். காய் சின்னது, வறட்சி தாங்கும்.

இதன் பலம் வெள்ளைக்காரனுக்கும் தெரிந்திருந்தது. வரி கட்டாத உப்பு உள்ளே வராமல் தடுக்க, வட இந்தியாவின் குறுக்கே சிந்து நதி தொடங்கி மகாநதி பக்கம் வரை ஒரு சுங்கக் கோடு போட்டார்கள். அதில் நூற்றுக்கணக்கான மைலுக்கு முள்செடி வேலி வளர்த்தார்கள். கருவேல், இலந்தை, சப்பாத்திக் கள்ளி இவற்றோடு களாவும் அதில் உண்டு. 1879-இல் அந்தக் கோட்டைக் கைவிட்டார்கள். ஏழையின் உப்பை மறித்த வேலி அது, நமக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் ஆளையே மறித்த செடிக்கு ஆடு எம்மாத்திரம்?

எப்படி வைப்பது?

நன்றாகப் பழுத்த பழத்தை எடுத்துச் சதையைக் கழுவி, இரண்டொரு நாளில் விதைத்துவிடுங்கள். காய்ந்த பழைய விதை முளைப்பது அரிது. ஆடி, ஆவணி சரியான பருவம். மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்த பையில் போட்டு அளவாகத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் அதிகமானால் நாற்று அழுகும். காப்புக்காட்டில் செடியைப் பிடுங்க வேண்டாம். பழம் வாங்கினாலே போதும்.

முதல் வருடம் செடி சாண் அளவுதான் இருக்கும். மனசு விட்டுவிடாதீர்கள். அடுத்த வருடம் மழையில் நடுங்கள். எல்லையில் இரண்டு வரிசை, வரிசைக்கும் செடிக்கும் ஒன்றரை அடி. முன் வரிசைச் செடிகளின் இடைவெளிக்கு நேராகப் பின் வரிசைச் செடி வரவேண்டும். இந்தக் கணக்கில் 100 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 135 கன்று பிடிக்கும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் களா வேண்டாம்.

செடி இரண்டடி வந்ததும் ஓரடி உயரத்தில் வெட்டிவிடுங்கள். எனக்கும் கை வரவில்லை. ஆனால் வெட்டினால்தான் அடியிலிருந்து கிளைக்கும். அடி அடைபடாத வேலி வேலியே இல்லை. அப்புறம் வருடா வருடம் காய் முடிந்த பிறகு கவாத்து. தை, மாசியில் வெட்டினால் அந்த வருடப் பூவும் காயும் போச்சு.

பொறுமைக்கு என்ன வழி?

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் மூன்று வருடம் களா எதையும் தடுக்காது. அதுவரை வெளிப்பக்கம் வெட்டிய வேலிகாத்தான் முள்ளை அடைத்து வையுங்கள். வெட்டிய முள்தான், செடியை நட்டுவிடாதீர்கள். வேலிக்கென்று வந்த அந்தச் செடி பாதி நிலத்தைத் தின்றதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். முள் அடைப்புக்கு வெளியே ஒரு வரிசை ரயில் கற்றாழை வைத்தால் பன்றி அடியைப் பறிப்பது குறையும். வேலி நன்றாக அடைந்த பிறகும் இடுக்கு விழுந்தால் பன்றி கண்டுபிடித்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு சுற்று நடந்து பார்த்து, விழுந்த இடத்தில் புதுக் கன்று நடுங்கள்.

இந்த மூன்று வருடப் பொறுமை இல்லாமல்தான் சிலர் மின்கம்பத்திலிருந்து திருட்டுத்தனமாகக் கம்பியில் கரண்ட் விடுகிறார்கள். மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் காலம் வந்தால் எனக்குப் பயம்தான். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போனவர், மாடு தேடிப் போனவர், ஏன் வேலி போட்டவரே செத்த செய்தி வருடா வருடம் பேப்பரில் வருகிறது. எனக்கும் ஒருத்தர் அந்த யோசனை சொன்னார். "சார், ஒரு ராத்திரி விட்டா போதும், அப்புறம் பன்றி இந்தப் பக்கமே வராது" என்றார். அந்தக் கம்பி ஓரமாகத்தான் விடியற்காலையில் பால்கார அம்மா நடந்து வருவார். வேண்டாம் என்றேன். அந்த வாரமே களாப்பழம் தேடிக் கிளம்பினேன்.

இது எனக்கு ஐந்தாவது வருடம். கிழக்கு எல்லை அடைந்துவிட்டது, வடக்கு இன்னும் பாதி. ஆடு நுழைவதில்லை. பன்றி ஒரு முறை நுழைந்தது, அந்த இடத்தை அடைத்துவிட்டேன். துருப்பிடித்த கம்பியை எடைக்குப் போட்டுவிட்டேன்.

நீங்களும் நாலு பக்கமும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டாம். இருக்கிற வேலியை எடுக்கவே வேண்டாம். இந்த ஆடியில் ஒரே ஒரு எல்லைக்கு மட்டும் விதை போடுங்கள். கடன் தேவையில்லை, படிவமும் தேவையில்லை.

பங்குனியில் வேலி பூத்ததும் ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "இது எந்த ஊர்ப்பா?" என்று கேட்டாள்.