வாவிக்கு மேற்கே எந்த இணையம்?

கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் வீட்டுக்கு இணைய இணைப்பு எடுக்கும்போது, நெடுங்காலமாக இரண்டு கம்பிகளுள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. ஒன்று தொலைக்காட்சி அலைவரிசைகளைக் கொண்டுவருவதற்காக இழுக்கப்பட்ட கேபிள். மற்றது தொலைபேசிக்காக இழுக்கப்பட்ட செம்புக் கம்பி. ரொறன்ரோவில் முதலாவதன் வழியே ரொஜர்ஸ் நிறுவனமும் இரண்டாவதன் வழியே பெல் நிறுவனமும் இணையத்தை வழங்கின. அங்கிருந்து உறவினர்கள் சொல்லும் ஆலோசனைகள் பலவும், எந்த வீட்டு வாசலுக்கும் இரண்டு கம்பிகள் ஏற்கனவே வந்து சேர்ந்திருக்கும் என்ற எடுகோளின்மேல் நிற்பவை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், மண்முனை மேற்குப் பிரதேச செயலகம் அமைந்துள்ள வவுணதீவில் அந்த எடுகோள் செல்லுபடியாகாது. ஆயினும் அவ்விரு கம்பிகளின் குறைகளை விளங்கிக்கொள்வது இங்கும் பயனுடையது. ஏனெனில் செம்புக் கம்பியின் குறை தூரம், கேபிளின் குறை பங்கீடு, வவுணதீவில் இன்று கிடைக்கும் ஒவ்வோர் இணைப்பையும் இவ்விரண்டையும் கொண்டே எடைபோட வேண்டியுள்ளது.

மனிதக் குரலைக் கடத்துவதற்குத் தொலைபேசிக் கம்பியில் ஏறக்குறைய 4 கிலோஹேர்ட்ஸ் வரையான அதிர்வெண்கள் போதும். அதற்கு மேலுள்ள அதிர்வெண்கள் பயன்படாமலே கிடந்தன. அவற்றில் தரவை ஏற்றி அனுப்பும் முறையே டிஎஸ்எல் எனப்படுகிறது. பதிவிறக்கத்துக்கு அதிக இடமும் பதிவேற்றத்துக்குக் குறைந்த இடமும் ஒதுக்கும் அதன் வகையே இலங்கையில் பலரும் அறிந்த ஏடிஎஸ்எல். 2.2 மெகாஹேர்ட்ஸ் வரை பயன்படுத்தும் அதன் மேம்பட்ட வடிவம் செக்கனுக்கு 24 மெகாபிட் வரை தரவல்லது என்று விளம்பரங்களில் சொல்லப்பட்டாலும், அதிர்வெண் கூடக்கூடச் செம்பில் ஏற்படும் இழப்பும் கூடுவதால், தொலைபேசி நிலையத்திலிருந்து நான்கைந்து கிலோமீற்றர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு அதில் ஒரு சிறு பங்கே வந்து சேரும். கூடுதல் கட்டணம் செலுத்தினாலும் இக்குறை நீங்குவதில்லை.

கேபிள் இணையத்துக்குப் பயன்படும் ஓரச்சுக் கம்பி, அதாவது நடுவில் ஒரு செம்புத் தண்டும் அதைச் சுற்றி உலோக வலையும் கொண்ட தடித்த கம்பி, இதனினும் பன்மடங்கு அகன்ற அதிர்வெண் பரப்பைக் கடத்தும். 1997இல் வெளிவந்த டொக்சிஸ் என்னும் தரநிலை அக்கம்பியில் தரவையும் அனுப்ப வழி செய்தது. ஆனால் ஒரு தெருவிலுள்ள வீடுகள் பலவும் ஒரே கம்பியின் கொள்ளளவைப் பகிர்ந்துகொள்வதால், உன்னிச்சைக் குளத்து வாய்க்காலில் எல்லா வயல்காரரும் ஒரே நாளில் மதகைத் திறந்தால் என்ன நேருமோ அதுவே மாலை ஏழு மணிக்கு அந்தத் தெருவில் நேர்கிறது. செம்புக் கம்பி ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகச் செல்வதால் அங்கு பங்கீடே இல்லை என்று சிலர் கருதுவதுண்டு. அது பாதி உண்மைதான். தொலைபேசி நிலையத்துக்கு அப்பால் செல்லும் பெருவழியை எல்லோருமே பகிர்கின்றனர்.

இலங்கையில் கேபிள் தொலைக்காட்சி நாடளாவிய தொழிலாக வளரவில்லை. கூரைமேல் வைக்கும் டிஷ் அன்டெனாவே கிராமங்களுக்குச் சென்றது. ஏனைய நாடுகளில் தொலைக்காட்சிக் கம்பியில் இணையம் ஏற, இங்கே ஸ்ரீ லங்கா டெலிகொம் நிறுவனம் பியோ டிவி என்ற பெயரில் தொலைபேசிக் கம்பியிலேயே தொலைக்காட்சியை ஏற்றியது என்பது சற்று வேடிக்கையான தலைகீழ் நிகழ்வு. எனவே இலங்கையில் கம்பிவழி இணையம் என்றாலே நீண்டகாலம் ஏடிஎஸ்எல் என்றுதான் பொருள். அதுவும் நகரத்தையும் தொலைபேசி நிலையத்தின் சுற்றுவட்டத்தையும் தாண்டி அதிக தூரம் செல்லவில்லை.

வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள நிலப்பகுதியை எழுவான்கரை என்றும் மேற்கே வயலும் காடுமாக விரியும் பகுதியைப் படுவான்கரை என்றும் மட்டக்களப்பு மக்கள் அழைக்கின்றனர். நகரத்திலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. தூரம் சில கிலோமீற்றர்தான். ஆனால் போர்க்காலத்தில் அச்சில கிலோமீற்றருக்கு இடையில் சோதனைச் சாவடி இருந்தது. படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. எழுவான்கரையில் தொலைபேசிக் கம்பிகள் பெருகிய ஆண்டுகளில் மறுகரையில் கம்பம் நடுவதற்கான சூழலே இருக்கவில்லை. நாட்டில் 2005 முதல் பரவிய சிடிஎம்ஏ எனப்படும் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி, பின்னர் கைத்தொலைபேசி, 2013இல் தொடங்கிய 4ஜி கைத்தொலைபேசிச் சேவை என்று கம்பியைத் தேடாத தொழில்நுட்பங்களே இத்தகைய கிராமங்களுக்கு ஏற்றவையாயின. செம்புக் கம்பியின் காலத்தை இப்பகுதி பெரும்பாலும் தாண்டிக் குதித்துவிட்டது. அதில் வருந்துவதற்கு அதிகமில்லை. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022இல் நாட்டின் பல இடங்களில் செம்புக் கம்பிகள் வெட்டித் திருடப்பட்டன. டெலிகொம் நிறுவனமும் தன் வாடிக்கையாளரைக் கண்ணாடி இழைக்கு மாற்றி வருகிறது. ஆகவே இன்று செம்பில் புதிய இணைப்புப் பெறுவதை, அது கிடைக்கும் இடத்திலும், பரிந்துரைக்க முடியாது.

வவுணதீவுக் குடும்பம் ஒன்றின் முன்னுள்ள உண்மையான தெரிவு, கோபுரத்திலிருந்து வரும் 4ஜி வீட்டு இணைப்புக்கும் கம்பத்தில் வரும் கண்ணாடி இழைக்கும் இடையிலானது. 4ஜி இணைப்பில் சிம் அட்டை செருகிய ஒரு ரௌட்டர், கோபுரத்துடன் வானொலி அலைகளால் பேசி, வீட்டுக்குள் வைஃபையாகப் பகிர்கிறது. செம்பின் குறையும் கேபிளின் குறையும் இங்கு ஒன்றாகச் சேர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். கோபுரத்திலிருந்து விலக விலகச் சமிக்ஞை தேய்கிறது. அதேவேளை அக்கோபுரத்தின் கொள்ளளவை ஊரிலுள்ள வீட்டு ரௌட்டர்களும் கைத்தொலைபேசிகளும் பகிர்கின்றன. இவ்விரண்டும் ஒன்றையொன்று மோசமாக்குகின்றன என்பதே பலரும் அறியாதது: சமிக்ஞை பலவீனமான வீட்டுக்கு அதே ஒரு நிமிடக் காணொளியை அனுப்பக் கோபுரம் அதிக நேரத்தைச் செலவிட வேண்டியுள்ளதால், தொலைவிலுள்ள ஒரு வீடு அருகிலுள்ளோரின் நேரத்தையும் விழுங்குகிறது. வெளியே உயரத்தில் ஒரு அன்டெனாவைப் பொருத்துவது தன் வீட்டுக்கு மட்டுமன்றி ஊருக்கும் செய்யும் உதவி.

இத்தகைய ரௌட்டர்களுள் பல, தம் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைக் காட்டும். கோபுரத்திலிருந்து வந்து சேரும் சமிக்ஞையின் வலுவைச் சுட்டும் இந்த எண் எப்போதும் மறையில் இருக்கும். மறை 85 அல்லது அதனினும் பூச்சியத்துக்கு அண்மையானது நல்லது, மறை 110ஐத் தாண்டினால் இணைப்பு தடுமாறும். கைத்தொலைபேசித் திரையில் தெரியும் கோடுகளைவிட இந்த எண் நம்பகமானது. வாவிக் கரையோர வீடுகளுக்கு ஒரு தனிச் சாதகம் உண்டு: திறந்த நீர்ப்பரப்பில் மரமோ கட்டடமோ குறுக்கிடாததால் எதிர்க்கரைக் கோபுரத்தின் அலையும் எட்டக்கூடும். ஆனால் நீர்ப்பரப்பில் தெறித்து வரும் அலையும் நேராக வரும் அலையும் சில உயரங்களில் ஒன்றையொன்று பலவீனப்படுத்துவதால், அன்டெனாவை ஒரே கம்பத்தில் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தே நிலைநிறுத்த வேண்டும். ஆயித்தியமலை, உன்னிச்சை போன்ற உட்பகுதிகளில் அடர்ந்த மரங்களே தடை; மழையில் நனைந்த இலைகள் அலையை இன்னும் அதிகமாக உறிஞ்சுவதால், ஆவணி வெயிலில் நன்றாக இயங்கிய இணைப்பு மார்கழி மழையில் சோர்ந்துபோவதுண்டு. ஆகவே ரௌட்டர் வாங்குவதற்கு முன்னர், அதே நிறுவனத்தின் சிம் அட்டையை இரவல் பெற்று, வீட்டிலேயே, மாலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் வேகத்தை அளந்து பார்ப்பது அவசியம். காலை பத்து மணிக்கு முகவர் காட்டும் வேகம் எதையும் நிறுவாது.

கண்ணாடி இழையில் தரவு ஒளியாகச் செல்கிறது. இப்போது பரவலாக உள்ள முறையில் நிலையத்திலிருந்து வரும் ஒரே இழை, மின்சாரம் தேவைப்படாத பிரிப்பான்களால் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கப்படுகிறது. அவ்வீடுகள் செக்கனுக்கு ஏறக்குறைய 2.5 ஜிகாபிட் கொள்ளளவைப் பகிர்கின்றன, தூரமோ 20 கிலோமீற்றர் வரை பொருட்டல்ல. எனவே கணக்குப்படி, வாவியைக் கடந்து வவுணதீவுக்கு இழையைக் கொண்டுவருவதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. தடை வீடுகளின் நெருக்கத்தில் உள்ளது. பாலத்தையும் பிரதான வீதியையும் அண்டிய வீடுகளுக்கு ஒரு கம்பத்திலிருந்து பல வாடிக்கையாளர் கிடைப்பர். வயல்களுக்கு நடுவே சிதறிய நாலு வீடுகளுக்காகப் பல கம்பங்கள் நட எந்த நிறுவனமும் தயங்கும். இழை வாசலுக்கு எட்டுமென்றால் வேறெதையும் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. எட்டுமா என்பதை ஊரின் பெயரைச் சொல்லி விசாரிப்பது போதாது. மிக அண்மையிலுள்ள இணைப்புப் பெட்டியில் காலியிடம் உண்டா என்று கேட்க வேண்டும்.

இழைக்கும் ஒரு குறை உண்டு. பழைய செம்புத் தொலைபேசி, நிலையத்தின் மின்கலத்திலிருந்தே மின்சாரம் பெற்றதால், வீட்டில் மின்வெட்டு ஏற்பட்டாலும் மணி அடித்தது. இழைப் பெட்டியும் 4ஜி ரௌட்டரும் மின்சாரம் நின்றவுடன் அணைந்துவிடும். நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீண்ட 2022 மார்ச் இறுதியை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரௌட்டருக்கென விற்கப்படும் சிறிய மின்கலப் பெட்டி சில மணிநேரம் தாங்கும், ஆனால் மின்வெட்டு நீண்டால் கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்துபோகும். மறுபுறத்தில், கண்ணாடி மின்னோட்டத்தைக் கடத்தாததால் இடிமின்னல் அவ்வழியே வீட்டுக்குள் நுழையாது. கூரைமேல் அன்டெனா வைப்போர் அதற்கு நிலத்தொடுப்பு இடத் தவறக்கூடாது.

பெக்கேஜ் பற்றிய குழப்பம் தொழில்நுட்பத்தைப் பற்றியதைவிட அதிகம். இலங்கையில் வீட்டு இணையம் நெடுங்காலம் மாதத்துக்கு இத்தனை ஜிகாபைட் என்றே விற்கப்பட்டது. கோவிட் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டுக் கல்வி திரைக்கு மாறியபோதுதான் அந்த அளவு எத்தனை விரைவில் தீரும் என்பது பெற்றோருக்குத் தெரிந்தது. உயர்தரக் காணொளி மணிக்கு 3 ஜிகாபைட் வரை எடுக்கும். பிள்ளையின் இணைய வகுப்பு அதைவிடக் குறைவாகவே எடுத்தாலும் அதற்குப் பதிவேற்ற வேகமும் வேண்டும். விளம்பரத்தில் உள்ள மெகாபிட் என்பது மெகாபைட்டின் எட்டில் ஒரு பங்கு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். வரையறையற்றது என்று விற்கப்படும் பெக்கேஜில்கூடக் குறித்த அளவுக்குப் பின் வேகம் குறைக்கப்படுமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

இழையும் கோபுரத்தின் சமிக்ஞையும் எட்டாமல் இருக்கும் வீடுகளுக்கு, 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கிய ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை உள்ளது. பழைய செய்மதிகள் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நின்றதால் உரையாடலில் அரைச் செக்கனுக்கும் மேற்பட்ட தாமதம் தெரிந்தது. ஸ்டார்லிங்க் செய்மதிகள் ஏறக்குறைய 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுவதால் அத்தாமதம் உணரப்படுவதில்லை. வானம் திறந்திருந்தால் போதும். நகரத்துக்கும் உன்னிச்சைக்கும் வேறுபாடில்லை. ஆனால் கருவியின் விலையும் மாதக் கட்டணமும் சாதாரண 4ஜி பெக்கேஜைவிடப் பன்மடங்கு. கடும் மழையில் அதன் சமிக்ஞை தேயும். டிஷ் இழுக்கும் மின்சாரமும் சிறு ரௌட்டருடையதைவிடப் பல மடங்கு என்பதால் மின்கலப் பெட்டியும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். நெல்லையும் பாலையும் நம்பிய ஒரு தனிக் குடும்பத்துக்கு இச்செலவு நியாயப்படுவது அரிது. நாள் முழுதும் இணையம் தேவைப்படும் பாடசாலைக்கோ நெல் ஆலைக்கோ அது பொருந்தும், அதுவும் இழை அவ்வழியே வந்துசேரும்வரை.