அதிகமா ஜொலிச்சா வைரமா? மொய்சனைட்டாகவும் இருக்கலாம்!

'கல்லு நல்லா ஜொலிக்குதே... அப்போ அசல் வைரம்தான்!' நகை வாங்கும்போது பலரும் போடும் கணக்கு இது. ஆனால், வைரத்தைவிட வண்ணமயமாக ஜொலிக்கும் கல் ஒன்று உண்டு. அதுதான் மொய்சனைட்.

1893-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் கிடைத்த விண்கல் துகள்களில் இதைக் கண்டறிந்தவர், பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி முவாசான். வைரம் என்பது கார்பன். இது சிலிக்கான் கார்பைடு. இன்று நகைகளில் பதிக்கப்படுவது ஆய்வகத்தில் உருவாக்கப்படும் கல்.

உறுதி: மோஸ் அளவுகோலில் வைரம் 10, மொய்சனைட் சுமார் 9.25. தினமும் அணிய இரண்டுமே தாங்கும்.

ஜொலிப்பு: ஒளிவிலகல் எண் வைரத்துக்கு 2.42, மொய்சனைட்டுக்குச் சுமார் 2.65. ஒளியை வண்ணங்களாகப் பிரிக்கும் திறனோ வைரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். வெளிச்சத்தில் அசைத்தால் வானவில் நிறங்கள் தெறிப்பது அதனால்தான்.

கண்டுபிடிப்பது எப்படி?: இரண்டுமே வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால், வெப்பத்தை மட்டும் அளக்கும் டெஸ்டர் மொய்சனைட்டையும் வைரம் என்றே காட்டக்கூடும். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், கல்லைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். பின்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடுகளாகத் தெரிந்தால் அது வைரம் அல்ல.

மொய்சனைட் வாங்குவதில் தப்பே இல்லை. அதற்கு வைரத்தின் விலையைக் கொடுப்பதுதான் தப்பு. எனவே, பரிசோதனைக்கூடச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்!