வெற்று அங்பாவ்

இங்கிலாந்தில் 2025 ஆகஸ்டில் கொனோரியா என்ற பால்வினை நோய்க்கு எதிராகத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களுக்கு முன்னுரிமை. அந்தச் செய்தியை அனுப்பி வைத்த மலாக்கா பாயா ரும்புட் வாசகர் ஒருவர், தானும் அப்படிப்பட்டவர்தான் என்று சொல்லிவிட்டுக் கேட்கிறார்: டாக்டரிடம் இதைக் கேட்கலாமா? வேறு எந்த ஊசியெல்லாம் கேட்க வேண்டும்?

முதலில் செய்தியின் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவோம். அந்த ஊசி மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் பி கிருமிக்காகச் செய்தது. கொனோரியாக் கிருமி அதற்குப் பங்காளி என்பதால் கொஞ்சம் பலன் இங்கேயும் வழிகிறது. நியூசிலாந்தில் 2004 முதல் இளையோருக்குப் போட்ட இதே வகை ஊசியின் பதிவுகளைப் பின்னாளில் புரட்டியபோது தெரியவந்த சங்கதி இது; பலன் சுமார் 31 விழுக்காடு. நூறு பேருக்கு வரவேண்டியது எழுபது பேருக்கு வரும். ஒரு நாட்டின் சுகாதாரக் கணக்குக்கு அது லாபம். தனி ஆள் அதை நம்பி ஆணுறையைக் கைவிட முடியாது.

வாசகர் கேட்க வேண்டியவை இதைவிடப் பழையவை, இதைவிட நம்பகமானவை: ஹெப்படைட்டிஸ் ஏ, ஹெப்படைட்டிஸ் பி, மருக்களும் புற்றும் தரும் எச்பிவி. குரங்கம்மைக்கும் ஊசி உண்டு; பல துணைகள் உள்ளவர், பரவல் இருக்கும் ஊருக்குப் போகிறவர் விசாரித்து வைக்கலாம். ஹெப்படைட்டிஸ் ஏ மலத்திலிருந்து வாய்க்குப் போகும் வைரஸ், படுக்கையிலும் பரவும். இரண்டு ஊசி, வேலை முடிந்தது. ஹெப்படைட்டிஸ் பி, எச்பிவி ஊசிகள்தான் சுவாரசியமானவை.

தீபாவளிக்குப் பணம் வைத்துக் கொடுக்க வங்கிகள் அச்சடித்துத் தரும் அங்பாவ் உறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் ஈரல் செல்லுக்குள் உட்கார்ந்து இப்படி உறை அடிக்கிறது. பணம் வைத்த உறை, அதாவது மரபணு உள்ள முழு வைரஸ், ஒன்று வெளியே வந்தால் கூடவே காலி உறைகள் ஆயிரத்துக்கும் மேல் வரும். எதற்கு இந்த ஊதாரித்தனம்? நம் எதிர்ப்புப் புரதங்கள் காலி உறைகளைத் துரத்திக் களைக்கட்டும், பணம் உள்ளது நழுவிவிடும் என்ற தந்திரமாக இருக்கலாம் என்கிறார்கள். காலி உறையால் நோய் வராது. நிறமும் முத்திரையும் மட்டும் அசலைப் போலவே இருக்கும். அவற்றைத் திரட்டி ஊசியில் ஏற்றினால் உடம்பு முத்திரையை மனப்பாடம் செய்துகொள்கிறது; பின்னால் பணம் உள்ள உறை வந்தால் வாசலிலேயே மடக்கிவிடுகிறது. நம்மை ஏய்க்க அடித்த சரக்கே வைரஸுக்கு வினையானது.

எச்பிவி இன்னும் அழகு. அதன் ஊசியில் உள்ள உறை எல்1 என்ற ஒரே புரதத்தால் ஆனது. ஈஸ்டிடம் அந்தப் புரதத்துக்கான மரபணுவைக் கொடுத்துவிட்டால் அது தாள் தாளாக அடித்துத் தள்ளும். தாள்கள் ஐந்தைந்தாகக் கொத்துச் சேரும். 72 கொத்துகள் கூடினால், 360 தாளில் ஓர் உருண்டை உறை. மடிக்க ஆள் வேண்டாம், பசை வேண்டாம். (எந்த அங்பாவ் தானே மடிந்துகொள்கிறது என்று கேட்காதீர்கள், உவமை இந்த இடத்தில் கிழிந்துவிட்டது.) ஒரே முத்திரை இத்தனை இடத்தில் வரிசை கட்டி நிற்பதால், எதிர்ப்புச் செல்லின் ஏற்பிகள் பல ஒரே நேரத்தில் அதைக் கவ்வுகின்றன, செல் உலுக்கி எழுப்பப்படுகிறது. தொற்று தானாக வந்தால் கிடைப்பதைவிடப் பல மடங்கு எதிர்ப்புப் புரதம் ஊசியில் கிடைக்கிறது. உள்ளே வைரஸ் மரபணு இல்லாததால், ஊசியால் நோய் வரும் என்ற வதந்திக்கு அடித்தளமே கிடையாது.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எச்பிவியின் வெற்று உறையை 1991இல் குவீன்ஸ்லாந்தில் செய்து காட்டியவர்கள் இயன் ஃபிரேசரும் ஜியான் ஷௌவும். ஹெப்படைட்டிஸ் பி ஊசி அதற்கு முந்தியது. 1978இல் நியூயார்க்கில் வுல்ஃப் ஷ்முனெஸ் தொடங்கிய சோதனையில் கை நீட்டியவர்கள் 1,083 பேர், அனைவரும் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள். 1980இல் முடிவு வந்தது: 92 விழுக்காடு பாதுகாப்பு. மலேசியாவில் 1989 முதல் கைக்குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி ஊசி போடுகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் ஈரலைக் காத்ததில் அந்த ஆண்களுக்கும் பங்கு உண்டு. இதை அதிகம் பேர் சொல்லக் காணோம்.

எச்பிவி விஷயத்தில் கணக்கு நேர்மாறு. மலேசியாவில் 2010இல் பள்ளிகளில் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு ஊசி தொடங்கியது. பெண்கள் பாதுகாக்கப்பட்டால் அவர்களோடு சேரும் ஆண்களும் தப்பிப்பார்கள். ஆஸ்திரேலியாவில் 2007இல் பெண்களுக்குத் தொடங்கியதும் அப்படித்தான் நடந்தது: பெண்களோடு உறவுள்ள இளைஞர்களிடம் பிறப்புறுப்பு மருக்கள் சடசடவென்று குறைந்தன, ஆண்களோடு உறவுள்ளவர்களிடம் குறையவில்லை. ஆசனவாய்ப் புற்றுக்கும் பெரும் காரணம் எச்பிவியின் 16ஆம் வகை. பெண்களுக்குப் போடும் ஊசி விரிக்கும் குடையின் கீழ் நம் வாசகர் வரமாட்டார். சொந்தமாகக் குத்திக்கொள்ள வேண்டியவர்.

இனி டாக்டர். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவுகள் இருக்கும் நாட்டில், அப்பா அம்மாவுக்கும் மருந்து கொடுக்கும் அதே குடும்ப டாக்டரிடம் வாய் திறக்கத் தயங்குவது புரிகிறது. பரவாயில்லை, மலாக்கா டவுனில் முகம் தெரியாத கிளினிக் ஒன்றைப் பார்க்கலாம். 'டாக்டர், எனக்கு ஆண்களோடு உறவு உண்டு' என்று சொல்ல முடிந்தால் நல்லது. தேவையான ரத்தச் சோதனைகளையும் அவர் சேர்த்துச் சொல்வார். சொல்ல முடியாவிட்டாலும் ஹெப்படைட்டிஸ் பி, எச்பிவி ஊசி கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 1989க்கு முன் பிறந்தவரானால் ஹெப்படைட்டிஸ் பி ரத்தச் சோதனையை முதலில் கேளுங்கள். ஏற்கெனவே தொற்று இருந்தால் ஊசி உதவாது, சிகிச்சை வேறு. பெரியவர்களுக்கு ஹெப்படைட்டிஸ் பி, எச்பிவி இரண்டுக்குமே வழக்கமாக மூன்று ஊசி, ஆறு மாதத்தில். நடுவில் ஒன்று தவறிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம்.